கரைசல் கணக்கை மில்லிமூலில் போடுங்கள்

க.பொ.த. உயர்தர இரசாயனவியல் வினாத்தாளுக்குக் கணிப்பான் கொண்டுபோக முடியாது. கரைசல் கணக்குப் பழகுகிறவர்கள் முதலில் மனத்தில் வைக்கவேண்டியது இதைத்தான். வீட்டில் கைபேசியைத் தட்டிப் பழகிவிட்டு, மண்டபத்தில் 0.00250 ஐ 0.0245 ஆல் கையால் வகுக்க உட்கார்ந்தால் தசமப்புள்ளி எங்கே நிற்கிறது என்று பார்ப்பதிலேயே நேரம் போய்விடும். கீழே வரும் முறை முழுக்கக் கையால் போடுவதற்கானது. எடுத்துக்காட்டுகள் யாழ்ப்பாணத்தில் கைக்கெட்டுகிற பொருள்கள்: வினாகிரி, சுண்ணாம்புக்கல், கிணற்று நீர். வாசிப்புகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் வீட்டுக் கிணறு வேறு எண் தரும்.

மில்லிமூல் ஏன்?

மூலர் செறிவு என்பது ஒரு லீற்றர் கரைசலில் எத்தனை மூல் கரையம் இருக்கிறது என்பது. வினாத்தாளில் வரும் கன டெசிமீற்றர் லீற்றர்தான், கன சென்ரிமீற்றர் மி.லீ. தான். லீற்றருக்கு 0.1 மூல் என்றால் மி.லீ. ஒன்றுக்கு 0.1 மில்லிமூல் (மில்லிமூல் என்பது மூலில் ஆயிரத்தில் ஒன்று). எண் மாறவில்லை. ஆகவே செறிவை மி.லீ. இல் உள்ள கனவளவால் பெருக்கினால் நேரே மில்லிமூல் வந்துவிடும்: 25.0 × 0.1 = 2.5. ஆயிரத்தால் வகுக்கத் தேவையில்லை, சைபர் எண்ணவும் தேவையில்லை. திரும்பி வரும்போதும் அப்படித்தான், மில்லிமூலை மி.லீ. ஆல் வகுத்தால் லீற்றருக்கு மூல். திணிவுக்குப் போகும்போது மட்டும் கவனம் வேண்டும். மில்லிமூலை மூலர் திணிவால் (ஒரு மூல் எத்தனை கிராம் என்பதால்) பெருக்கினால் வருவது மில்லிகிராம், கிராம் அல்ல. விடைத்தாளில் எழுதும்போது 2.5 மில்லிமூலை 2.5 × 10⁻³ மூல் என்று எழுதிவிடுங்கள், திருத்துபவருக்கு அதுதான் பழக்கம்.

இன்னொன்று: வகுத்தலைக் கடைசி வரிவரை தள்ளிப்போடுங்கள். இடையில் பின்னமாகவே விட்டால் பாதி எண்கள் தாமாக வெட்டுப்பட்டுப் போகும்.

நியமக் கரைசல் தயாரித்தல்

நியமக் கரைசல் என்றால் செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசல். 0.0500 மூலர், அதாவது லீற்றருக்கு 0.0500 மூல், சோடியம் காபனேற்றுக் கரைசல் 250 மி.லீ. வேண்டும். 250 × 0.05 = 12.5 மில்லிமூல். நீரற்ற சோடியம் காபனேற்றின் மூலர் திணிவு 106. ஆகவே 12.5 × 106 = 1325 மி.கி., அதாவது 1.325 கி. போத்தலில் பத்து நீர் மூலக்கூறுள்ள பளிங்கு இருந்தால் மூலர் திணிவு 286 ஆகிவிடும், 3.575 கி. நிறுக்கவேண்டும். லேபலைப் பார்க்காமல் 1.325 கி. பளிங்கை நிறுத்துவிட்டால் செறிவு பாதிக்கும் கீழே போகும். பளிங்குத் திணிவை நம்பி நியமக் கரைசல் செய்யாமல் இருப்பதே நல்லது. அது காற்றில் கிடக்கக் கிடக்க நீரை இழந்து மேலே வெள்ளை மாப்போல் பூக்கும். அப்போது மூலர் திணிவு 286 உம் இல்லை, 106 உம் இல்லை. நீரற்ற தூளைச் சுமார் 270 பாகை செல்சியசில் சூடாக்கி, ஈரம் ஏறாமல் மூடி ஆறவிட்டு நிறுங்கள்.

நிறுத்ததை முகவையில் சுமார் 100 மி.லீ. காய்ச்சி வடித்த நீரில் கரைக்கவேண்டும். பிறகு புனல் வழியே 250 மி.லீ. கனமானக் குடுவைக்குள் ஊற்றி, முகவையையும் கண்ணாடிக் கோலையும் புனலையும் இரண்டு மூன்று தடவை கழுவி, கழுவிய நீரையும் குடுவைக்குள்ளேயே விடவேண்டும். கழுத்துக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்ததும் துளிதுளியாக விட்டு, பிறையுருவின் அடி கோட்டைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். கண் கோட்டின் மட்டத்தில் இருக்கவேண்டும். மூடிக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்குங்கள். கோட்டைத் தாண்டிவிட்டால் மேலே உறிஞ்சி எடுத்துச் சரிசெய்ய வழியில்லை, உறிஞ்சுவதோடு கரையமும் போய்விடும். ஊற்றிவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள்.

அதிகம் காணும் பிழை, 250 மி.லீ. நீரை அளந்து அதில் உப்பைப் போடுவது. செறிவு கரைசலின் கனவளவுக்கானது, ஊற்றிய நீரின் கனவளவுக்கானது அல்ல. இவ்வளவு ஐதான கரைசலில் வித்தியாசம் சிறிது. சீனிப்பாகு போன்ற செறிந்த கரைசலில் கண்ணுக்கே தெரியும். இரண்டாவது, சூடான கரைசலைக் கோடுவரை நிரப்புவது. ஆறியதும் மட்டம் இறங்கும், கரைசல் நினைத்ததைவிடச் செறிவாகிவிடும்.

கிணற்று நீரில் நியமக் கரைசல் தயாரிக்க முயலவேண்டாம். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அந்த நீரில் சோடியம் காபனேற்றைப் போட்டால் கல்சியம் காபனேற்று வீழ்படிந்து கலங்கும். வெள்ளி நைத்திரேற்றைப் போட்டால் குளோரைட்டோடு சேர்ந்து வெண்மையாகும். கொதிக்க வைத்து ஆற்றிய நீரும் பதில் ஆகாது. கொதித்தால் தற்காலிக வன்மைதான் (சூட்டில் காபனேற்றாகப் படிந்துவிடும் பகுதி) போகும், குளோரைட்டும் சல்பேற்றும் அப்படியே கிடக்கும்.

செறிந்த அமிலத்தில் இருந்து

ஐதரோகுளோரிக் அமிலப் போத்தலில் செறிவு இராது. அடர்த்தியும் நூற்றுவீதமும்தான் இருக்கும். அடர்த்தி மி.லீ. க்கு 1.18 கி., திணிவுப்படி 36.5% என்று வைப்போம். ஒரு லீற்றர் அமிலம் 1180 கி. அதில் ஐதரசன் குளோரைட்டு 1180 × 36.5/100. மூலர் திணிவு 36.5 ஆல் வகுத்தால் 36.5 வெட்டுப்பட்டு 11.8 மூலர். சல்பூரிக் அமிலத்திலும் இதே விளையாட்டு: 98%, அடர்த்தி 1.84, மூலர் திணிவு 98, விடை 18.4 மூலர். வெட்டுப்படும் என்று தெரிந்தால் 1180 ஐ 36.5 ஆல் பெருக்கி மினக்கெட மாட்டீர்கள்.

சுமார் 0.1 மூலர் அமிலம் 500 மி.லீ. வேண்டுமானால் 50 மில்லிமூல் தேவை. 50 ÷ 11.8 = 4.2 மி.லீ. சொச்சம். இதைக் குழாயியால் (குறித்த கனவளவை உறிஞ்சி எடுக்கும் கண்ணாடிக் குழாய்) நுணுக்கமாக எடுப்பதில் பயனில்லை, திறந்த போத்தலில் இருந்து வாயு போய்க்கொண்டே இருக்கும், லேபல் எண்ணும் சுமார்தான். சிறிய அளவுச்சாடி போதும். முகவையில் நீரை முதலில் விட்டு, அமிலத்தை மெதுவாக நீருக்குள் ஊற்றவேண்டும். மறுபக்கம் செய்தால் அமிலம் தெறிக்கும், சல்பூரிக் என்றால் கொதித்தே தெறிக்கும். ஆறியபின் 500 மி.லீ. ஆக்குங்கள்.

பிறகு மேலே செய்த காபனேற்றுக் கரைசலால் அதை நியமியுங்கள், அதாவது தாக்கம் சரியாக முடியும்வரை ஒன்றை மற்றதற்குள் அளந்து விட்டுச் செறிவைக் கண்டுபிடியுங்கள். 25.0 மி.லீ. காபனேற்று 1.25 மில்லிமூல். ஒரு மூல் காபனேற்றுக்கு இரண்டு மூல் அமிலம், எனவே 2.5 மில்லிமூல் அமிலம். அளவியில் (அடியில் திருகியுள்ள, கோடிட்ட கண்ணாடிக் குழாய்) வாசிப்பு 24.50 மி.லீ. வந்தால் செறிவு 2.5/24.5 = 5/49 = 0.102 மூலர். காட்டி, அதாவது முடிவை நிறமாற்றத்தால் சொல்லும் பொருள், மெதயில் செம்மஞ்சள். காபனேற்றை 0.1 மூலராக எடுக்காமல் 0.05 ஆக எடுத்ததற்கும் காரணம் உண்டு. 0.1 ஆக இருந்தால் அமிலம் 49 மி.லீ. போகும், 50 மி.லீ. அளவியின் அடிக்கே இறங்கிவிடும். வாசிப்பு 20 க்கும் 30 க்கும் இடையில் வரும்படி செறிவுகளைத் தேர்வது நியமிப்பில் பாதி வேலை.

சோடியம் ஐதரொட்சைட்டை நிறுத்து நியமக் கரைசல் செய்ய முடியாது. அது காற்றில் இருந்து ஈரத்தையும் காபனீரொட்சைட்டையும் இழுக்கும். தராசில் வைத்திருக்கும்போதே வில்லைகள் பளபளக்கத் தொடங்கிவிடும், நம்மூர்ப் புழுக்கத்தில் இன்னும் விரைவாக. சுமாராகக் கரைத்து, செறிவு தெரிந்த அமிலத்தால் நியமிக்கவேண்டும்.

கணக்கின் மூன்று வரி

எந்தக் கரைசலின் செறிவும் கனவளவும் இரண்டும் தெரியுமோ அதன் மில்லிமூல், முதல் வரி. சமன்படுத்திய சமன்பாட்டின் விகிதம் கொண்டு மற்றப் பொருளின் மில்லிமூல், இரண்டாம் வரி. அந்த மில்லிமூல் எந்தக் கனவளவுக்குள் இருக்கிறது, மூன்றாம் வரி. பிழைகளில் பெரும்பாலானவை மூன்றாம் வரியில்தான். ஆகவே ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எதற்குள் என்று எழுதுங்கள்: “25 மி.லீ. க்குள் 1.75”, “100 மி.லீ. க்குள் 7.0”.

ரியூசன் கொப்பிகளில் ஒரு சூத்திரம் இருக்கும்: இரு பக்கமும் செறிவையும் கனவளவையும் பெருக்கி, பீசமானக் குணகத்தால் (சமன்பாட்டில் பொருளுக்கு முன்னால் நிற்கும் எண்) வகுத்துச் சமன் போடுவது. ஒரு படி நியமிப்புக்கு அது சரியாகத்தான் வேலை செய்யும். ஆனால் 1:2 தாக்கத்தில் குணகங்களை மாறிப்போட்டால் தெரியாமல் நான்கு மடங்கு பிழை வரும். ஐதாக்கல் இடையில் வந்தாலோ, மிச்சத்தை நியமித்தாலோ சூத்திரம் கைவிட்டுவிடும். மூன்று வரிதான் நல்லது.

வினாகிரி

வினாகிரி 10.0 மி.லீ. ஐக் குழாயியால் எடுத்து 100 மி.லீ. ஆக ஐதாக்கி, அதில் 25.0 மி.லீ. ஐ 0.100 மூலர் சோடியம் ஐதரொட்சைட்டால் நியமிக்க 17.50 மி.லீ. போயிற்று என்று வைப்போம்.

17.50 × 0.1 = 1.75 மில்லிமூல் காரம். விகிதம் 1:1, ஆகவே 25 மி.லீ. க்குள் 1.75 மில்லிமூல் அசற்றிக் அமிலம். குடுவை முழுவதற்கும், 100 மி.லீ. க்குள், 7.0 மில்லிமூல். இந்த 7.0 முழுவதும் முதலில் எடுத்த 10 மி.லீ. வினாகிரியில் இருந்து வந்தது. எனவே வினாகிரியின் செறிவு 7.0/10.0 = 0.70 மூலர். மூலர் திணிவு 60. லீற்றருக்கு 42 கி., அதாவது 100 மி.லீ. க்கு 4.2 கி. கடையில் வாங்கிய போத்தலில் 4% என்று இருந்தால் கணக்கு நம்பும்படி இருக்கிறது. விடை 0.42 அல்லது 42 என்று வந்தால் ஐதாக்கலின் பத்து எங்கோ விழுந்துவிட்டது அல்லது இரண்டு தடவை ஏறிவிட்டது.

காட்டி பினோத்தலீனாக இருக்கவேண்டும். மென்னமிலத்தை வன்காரத்தால் நியமிக்கும்போது சமவலுப் புள்ளி (அமிலமும் காரமும் சரியாகத் தீரும் இடம்) காரப்பக்கம், பி.எச். 8 ஐத் தாண்டி நிற்கும். மெதயில் செம்மஞ்சள் 3.1 இல் இருந்து 4.4 க்குள் நிறம் மாறிவிடும்; அமிலத்தின் பெரும் பகுதி மிச்சமிருக்கும்போதே முடிந்துவிட்டது என்று காட்டி ஏமாற்றும். இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் போதும். அதற்குமேல் வைத்திருந்தால் காற்றின் காபனீரொட்சைட்டால் வெளிறும், அதற்காக இன்னொரு துளி விடக்கூடாது.

எதை எதனால் கழுவுவது என்பதிலும் மூல்கணக்குத்தான் இருக்கிறது. அளவியையும் குழாயியையும் அவற்றுக்குள் போகப்போகும் கரைசலால் அலசவேண்டும், உள்ளே ஒட்டிய நீர் செறிவைக் குறைக்கும் என்பதால். நியமிப்புக் குடுவையைக் காய்ச்சி வடித்த நீரால் மட்டும். அதற்குள் போன 25 மி.லீ. இல் மில்லிமூல் ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது. நீர் சேர்ந்தால் எதுவும் மாறாது, மாதிரிக் கரைசலால் அலசினால் கணக்கில் இல்லாத மூல் சேரும். அளவியின் மேல் புனலை எடுத்துவிடுங்கள், திருகிக்குக் கீழே காற்றுக் குமிழி இருந்தால் வெளியேற்றிவிட்டு முதல் வாசிப்பை எடுங்கள். குழாயியின் நுனியில் நிற்கும் கடைசிச் சொட்டை ஊதவேண்டாம். குழாயியைக் குறிக்கும்போதே அந்தச் சொட்டை விட்டுத்தான் குறித்திருக்கிறார்கள்.

சுண்ணாம்புக்கல்: மிச்ச அமிலத்தை நியமித்தல்

கல்லை நேரே நியமிக்க முடியாது. நீரில் கரையாது, அமிலத்தோடு மெதுவாகத்தான் தாக்கமுறும். ஆகவே அமிலத்தை அளந்து கூடுதலாக விட்டு, மிஞ்சியதை அளக்கிறோம்.

பொடித்த கல் 1.00 கி. அதற்கு 0.500 மூலர் ஐதரோகுளோரிக் அமிலம் 50.0 மி.லீ. குமிழி அடங்கியதும் மெல்லக் கொதிக்கவைத்து ஆற்றவேண்டும். கரைந்து நிற்கும் காபனீரொட்சைட்டு பினோத்தலீன் நிறம் மாறுமுன் காரத்தைக் குடித்துவிடும், அதற்காகத்தான் கொதிப்பு. பின்னர் 250 மி.லீ. ஆக்கி, 25.0 மி.லீ. எடுத்து 0.0500 மூலர் சோடியம் ஐதரொட்சைட்டால் நியமிக்க 12.00 மி.லீ.

விட்ட அமிலம் 25.0 மில்லிமூல். 25 மி.லீ. க்குள் மிஞ்சியது 12.00 × 0.05 = 0.60, 250 மி.லீ. க்குள் 6.0. கல்லோடு தாக்கமுற்றது 19.0. ஒரு மூல் கல்சியம் காபனேற்றுக்கு இரண்டு மூல் அமிலம், ஆகவே காபனேற்று 9.5 மில்லிமூல், 950 மி.கி., 95%.

இரண்டால் வகுக்க மறந்தால் 190% சுண்ணாம்பு கிடைக்கும். பத்தால் பெருக்க மறந்தால் 25.0 − 0.6 = 24.4, பாதி 12.2, 122%. இரண்டும் நூறைத் தாண்டுவதால் பிழை தானே கையை உயர்த்திவிடும். ஆபத்தானது நூறுக்குள் நிற்கும் பிழை. காரத்தின் செறிவை 0.05 என்பதற்குப் பதிலாக 0.1 என்று எடுத்தால் மிச்சம் 12, காபனேற்று 6.5, விடை 65%. பார்வைக்கு ஒழுங்கான விடை. மாதிரியில் மகனீசியம் காபனேற்று இருந்தால் அதுவும் அமிலத்தைத் தின்னும் என்பதையும், இந்த முறை இரண்டையும் பிரித்துக் காட்டாது என்பதையும் விளக்க வினாவுக்கு நினைவில் வைத்திருங்கள்.

இரண்டு கரைசலைக் கலந்தால்

0.150 மூலர் பேரியம் குளோரைட்டு 40.0 மி.லீ., 0.0500 மூலர் சோடியம் சல்பேற்று 60.0 மி.லீ. கலக்கின்றன. பேரியம் 6.0 மில்லிமூல், சல்பேற்று 3.0. சல்பேற்றுத்தான் எல்லைப்படுத்தும் தாக்கி, அதாவது முதலில் தீர்ந்துபோவது; கனவளவு பெரிது என்பதால் அதுதான் மிஞ்சும் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். பேரியம் சல்பேற்று 3.0 × 233 = 699 மி.கி. வீழ்படியும்.

மிஞ்சிய அயன்களின் செறிவுக்கு மொத்தக் கனவளவு 100 மி.லீ. ஆல் வகுக்கவேண்டும். பேரியம் 3.0/100 = 0.030 மூலர். சோடியம் 6.0/100 = 0.060. குளோரைட்டு 12.0/100 = 0.120. பேரியம் மிஞ்சியிருப்பதால் கரைசலில் சல்பேற்று புறக்கணிக்கத்தக்கது. இப்போது ஏற்றத்தைக் கூட்டிப் பாருங்கள்: நேர் ஏற்றம் 2 × 0.030 + 0.060 = 0.120, மறை ஏற்றம் 0.120. பொருந்துகிறது. அரை நிமிட வேலை. குளோரைட்டை இரண்டால் பெருக்க மறந்ததும், 40 ஆலோ 60 ஆலோ வகுத்ததும் இங்கே பிடிபடும்.

தாழ்த்தேற்ற (இலத்திரன் கைமாறும்) நியமிப்பில் மூன்று வரி மாறுவதில்லை, விகிதம்தான் மாறும்: ஒரு மூல் பரமங்கனேற்றுக்கு ஐந்து மூல் பெரசு அயன் (இரும்பு அயன், Fe²⁺). அமிலமாக்க ஐதான சல்பூரிக்கையே பயன்படுத்துங்கள். ஐதரோகுளோரிக் விட்டால் குளோரைட்டையும் பரமங்கனேற்று ஒட்சியேற்றும், வாசிப்பு கூடிவிடும்.

கிணற்று நீர்

வன்மைக்கு, அதாவது நீரில் கரைந்த கல்சியம், மகனீசியத்துக்கு, அவற்றைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.ரி.ஏ. என்ற சேர்வையால் நியமிப்பு. கல்சியத்துக்கும் மகனீசியத்துக்கும் விகிதம் 1:1. நீர் 50.0 மி.லீ. எடுத்து, அமோனியா-அமோனியம் குளோரைட்டுத் தாங்கற் கரைசலால் பி.எச். ஐ 10 இல் நிறுத்தி, எரியோகுரோம் பிளாக் ரி காட்டியுடன் 0.0100 மூலர் ஈ.டி.ரி.ஏ. யால் வைன் சிவப்பு முழு நீலமாகும்வரை நியமிக்கவேண்டும். ஊதா நிறத்தில் நிறுத்தினால் அவசரப்பட்டுவிட்டீர்கள். 20.00 மி.லீ. போனால் 0.200 மில்லிமூல், 0.200/50 = 0.0040 மூலர், கல்சியம் காபனேற்றாகச் சொன்னால் லீற்றருக்கு 400 மி.கி. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது இதன் ஒரு பகுதி. 

உவர்த்தன்மைக்கு வெள்ளி நைத்திரேற்று. நீர் 25.0 மி.லீ., காட்டியாகச் சில துளி பொற்றாசியம் குரோமேற்று, 0.0200 மூலர் வெள்ளி நைத்திரேற்று 10.00 மி.லீ. போக வெண்மை நடுவே செங்கபில நிறம் நிலைத்தது என்போம். 0.200 மில்லிமூல் குளோரைட்டு, 0.0080 மூலர், 35.5 ஆல் பெருக்க லீற்றருக்கு 284 மி.கி. சுமார் 250 ஐத் தாண்டினால் நாக்கிலும் உப்புத் தெரியத் தொடங்கும். கரைசல் அமிலமாக இருந்தால் குரோமேற்று இருகுரோமேற்றாக மாறி முடிவுப் புள்ளி பிந்தும். காரம் மிகுந்தால் வெள்ளி ஒட்சைட்டு வீழ்படியும். குரோமேற்று நஞ்சு. கையுறை போடுங்கள். கழிவை முற்றத்தில் ஊற்றவேண்டாம்: வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல் அதை வடிகட்டாது, அடுத்த வீட்டுக் கிணற்றுக்கே போய்ச் சேரும். போத்தலில் தனியாகச் சேர்த்து ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் கொடுங்கள்.

தீவகத்துக் கரையோரக் கிணறு, அல்லது நிலாவரைக் கிணற்றின் ஆழத்தில் இருந்து எடுத்த உவர் மாதிரி என்றால் இதே அளவுகள் சரிவராது. எல்லைக்குக் கடல் நீரையே எடுங்கள்: குளோரைட்டு சுமார் 0.55 மூலர். 25.0 மி.லீ. இல் 13.75 மில்லிமூல்; 0.0200 மூலர் வெள்ளி நைத்திரேற்று 687.5 மி.லீ. வேண்டும், விலையான கரைசலை அளவியில் பதினான்கு தடவை நிரப்பவேண்டும். அதே நீரை 10.0 மி.லீ. எடுத்து 250 மி.லீ. ஆக்கினால் செறிவு 0.022; 25.0 மி.லீ. க்கு 0.55 மில்லிமூல், வாசிப்பு 27.5 மி.லீ. எவ்வளவு உவர் என்று தெரியாத மாதிரிக்கு முதலில் 5 மி.லீ. ஐ அளவுச்சாடியால் எடுத்து வேகமாக ஒரு தடவை சுமாராக நியமியுங்கள். அந்த வாசிப்பை ஐந்தால் பெருக்கினால் 25 மி.லீ. க்கு எவ்வளவு போகும் என்று தெரியும். அதை 25 ஆல் வகுத்தால் எத்தனை மடங்கு ஐதாக்கவேண்டும் என்பது வந்துவிடும். கடைசி வரியில் அந்த மடங்கைத் திரும்பப் பெருக்கவேண்டும்.